தபால்காரருக்கு மாதச் சந்தா

இங்கிலாந்தில் ஸ்லாவ் என்று ஓர் ஊர். லண்டனுக்கு மேற்கே இருக்கிறது. டூரிஸ்டுகள் யாரும் தேடிக்கொண்டு போகிற ஊர் இல்லை. 2011ம் வருடம் அக்டோபர் 10ம் தேதி, திங்கட்கிழமை, அந்த ஊரில் ஒரு கட்டடத்துக்குள் ஒரு ஸ்விட்ச் படுத்துவிட்டது. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற ஸ்விட்ச் இல்லை. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, எந்தத் தகவல் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று வழிகாட்டுகிற பெரிய ஸ்விட்ச். அது போனால் இன்னொன்று தானாக வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் ஏற்பாடு. சோதனையில் ஒழுங்காக எடுத்துக்கொண்டது. நிஜமாகத் தேவைப்பட்ட அன்றைக்குக் கையை விரித்துவிட்டது.

விளைவு? ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா என்று வரிசையாக பிளாக்பெர்ரி போன்களில் மெயில் நின்றுபோனது. அப்புறம் தென் அமெரிக்கா. மூன்றாம் நாள் அமெரிக்காவும் கனடாவும். உலகம் முழுக்க அப்போது சுமார் 7 கோடி பேர் பிளாக்பெர்ரி வைத்திருந்தார்கள். தேங்கிப்போன மெயில் மலையைக் கரைத்து முடிக்க வியாழக்கிழமை ஆகிவிட்டது. கம்பெனியை ஆரம்பித்த மைக் லசாரிடிஸ் வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்டார்.

இதில் ஒரு கேள்வி இருக்கிறது. சென்னையில் இருக்கிற ஒரு மேனேஜர், கோயமுத்தூரில் இருக்கிற இன்னொரு மேனேஜருக்கு மெயில் அனுப்பினால், அது ஏன் ஸ்லாவில் மாட்டிக்கொள்ள வேண்டும்?

அதற்குப் பதில் தெரிந்துவிட்டால், பிளாக்பெர்ரி ஏன் ஜெயித்தது, ஏன் தோற்றது என்கிற இரண்டும் சேர்ந்தே தெரிந்துவிடும். கொஞ்சம் பின்னால் போகலாம், வாருங்கள்.

1984. கனடாவில் வாட்டர்லூ என்கிற ஊர். லசாரிடிஸ் அங்கே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். துருக்கியில், கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து, குழந்தையாகக் கனடாவுக்கு வந்தவர். பட்டம் வாங்கக் கொஞ்ச காலமே இருக்கும்போது படிப்பை விட்டுவிட்டு, நண்பர் டக்ளஸ் ஃப்ரெஜினோடு ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பெயர் ரிசர்ச் இன் மோஷன். சுருக்கமாக ரிம்.

லசாரிடிஸ் மெஷின் ஆசாமி. காசு விஷயம் கவனிக்க ஒருவர் வேண்டுமே? 1992ல் ஜிம் பால்சிலி வந்து சேர்ந்தார். கணக்குப் படித்தவர், ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்தவர். வீட்டை அடமானம் வைத்துக் கம்பெனியில் பணம் போட்டார் என்றால் நம்பிக்கையின் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். நம்மூர் என்றால், பெண்டாட்டி நகையும் கூடப் போயிருக்கும்.

1999 ஜனவரியில் பிளாக்பெர்ரி பிறந்தது. இன்று நாம் நினைக்கிற மாதிரி போன் இல்லை அது. பேஜர் சைஸில் ஒரு பெட்டி. பேச முடியாது. மெயில் மட்டும் படிக்கலாம், கட்டை விரலால் தட்டிப் பதில் போடலாம். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் போதுமானதாக இருந்தது.

ஏன் என்றால், அதுவரை மெயில் என்பது நாம் போய் எட்டிப் பார்க்கிற விஷயம். தபாலாபீஸுக்குப் போய், நமக்குக் கடிதம் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. பிளாக்பெர்ரி, தபால்காரரைப் பாக்கெட்டுக்குள்ளேயே உட்காரவைத்தது. ஆபீஸ் சர்வரில் மெயில் விழுந்த சில நொடிகளில் இடுப்பில் பெட்டி அதிரும்.

வேலை செய்த விதம் இதுதான். உங்கள் கம்பெனியின் மெயில் சர்வருக்குப் பக்கத்தில் ரிம் தன்னுடைய மென்பொருள் ஒன்றை வைக்கும். அது எந்நேரமும் உங்கள் மெயில் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று வந்ததும் அதைச் சுருக்கி, பூட்டுப் போட்டு, ரிம்மின் சொந்த மையத்துக்கு அனுப்பும். அங்கிருந்து செல்போன் கம்பெனியின் வலைக்குள் நுழைந்து உங்கள் கைக்கு வரும். சாவி உங்கள் கம்பெனியிடமும் உங்கள் கருவியிடமும் மட்டும். நடுவில் இருக்கிற ரிம்மாலேயே பிரித்துப் படிக்க முடியாது. 2010ல் நம் அரசாங்கம், எங்களுக்குத் திறந்து காட்டினால்தான் ஆச்சு என்று கெடு வைத்து மல்லுக்கு நின்றபோது, கம்பெனிகளின் மெயிலுக்கு எங்களிடம் சாவியே இல்லை என்று ரிம் சொன்னது இதனால்தான்.

இப்போது புரிகிறதா, ஸ்லாவ் எங்கே வருகிறது என்று? நடுவில் இருந்த மையங்களில் ஒன்று அங்கே இருந்தது.

தொழில்நுட்பம் போகட்டும். நான் பி.காம். படித்தவன். சர்வர் விஷயம் எனக்குப் பாதிதான் புரியும். கமிஷன் என்று யாராவது சொன்னால் மட்டும் காது தானாக நிமிர்ந்துகொள்ளும். பிளாக்பெர்ரி கதையில் எனக்குப் பிடித்த இடம் அங்கேதான் இருக்கிறது.

ஆரம்பத்தில் ரிம், செல்போன் கம்பெனிகளிடமிருந்து நேரத்தை மொத்தமாக வாங்கி, தானே சில்லறையாக விற்றது. மாதம் சுமார் 40 டாலர் சந்தா. டெல், காம்பாக் போன்ற கம்ப்யூட்டர் கம்பெனிகளும் வாங்கி விற்றன. பால்சிலியின் ஆட்கள் பெரிய முதலாளிகளிடம் கருவியைக் கொடுத்து, சும்மா வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நாய்க்குட்டியை ஒரு வாரம் வீட்டில் விட்டுவிட்டுப் போகிற வித்தை. யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

பிறகு உலகம் முழுக்கப் போகவேண்டும் என்றபோது வியாபாரம் தலைகீழானது. செல்போன் கம்பெனிகளே விற்பனையாளர்கள் ஆனார்கள். இந்தியாவில் 2004ல் ஏர்டெல் கொண்டுவந்தது. கருவியும் அவர்கள் கடையில், பில்லும் அவர்கள் பெயரில். வசூலில் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் ரிம்முக்கு வந்துவிடும். போனை ஒருமுறை விற்றால் ஒருமுறைதான் லாபம். சந்தா அப்படியா? தென்னந்தோப்பு மாதிரி. 2012 பிப்ரவரியோடு முடிந்த கணக்கு வருடத்தில், இந்தச் சேவைக் கட்டணம் மட்டும் 400 கோடி டாலருக்கு மேல். போன் செய்கிற வேறு எந்தக் கம்பெனிக்கும் அன்றைக்கு அப்படி ஒரு தோப்பு இருக்கவில்லை.

பெரிய கம்பெனிகள் சரி. பத்துப் பேர் வேலை செய்கிற சின்ன ஆபீஸ் என்ன செய்யும்? மெயில் சர்வர் வாங்கவேண்டும், லைசென்ஸ் வாங்கவேண்டும், அதைக் கட்டி மேய்க்க ஓர் ஆள் வேண்டும். கட்டுப்படி ஆகாது. அங்கேதான் வாடகை மெயில் வந்தது. பெரிய டேட்டா சென்டர்காரர் சர்வரை நடத்துவார். மெயில் பெட்டிக்கு மாதம் இவ்வளவு வாடகை. அதை மொத்த விலைக்கு எடுத்து, தன் பெயரை ஒட்டி, சில்லறை விலைக்கு விற்க ஊருக்கு ஊர் ரீசெல்லர்கள் முளைத்தார்கள்.

என் நண்பர் ஒருவர் பாரிமுனையில் ஒரு மாடி அறையில் இருந்து இதைச் செய்தார். திருப்பூர், கரூர் ஏற்றுமதிக்காரர்கள்தான் கஸ்டமர்கள். "சார், மெயில் வரலை" என்று ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வரும். சாப்பிட்ட கையோடு எழுந்து போவார். ஒருநாள், அவருக்குச் சரக்கு கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி, அவருடைய கஸ்டமர்களுக்கே நேரடியாகக் கடிதம் போட்டது. அவர் விற்கிற விலையைவிடக் குறைவு.

"பதினோரு மணிக்கு அவன் எழுந்து வருவானாய்யா?" என்று என்னிடம் கேட்டார். வரமாட்டான். ஆனாலும் பாதிப் பேர் போய்விட்டார்கள். பாக்கிப் பேருக்காக இரண்டு வருடம் நடத்திவிட்டு, அறையைக் காலி செய்தார்.

அவர் மட்டும் இல்லை. 2006 ஆகஸ்டில் கூகுள், உங்கள் கம்பெனி பெயரிலேயே மெயில் இலவசம் என்று அறிவித்தது. பழக்கிவிட்டு, 2012 டிசம்பரில் புதிய கம்பெனிகளுக்கு இலவசத்தை நிறுத்தியது. 2008ல் மைக்ரோசாஃப்ட் தானே வாடகை மெயில் நடத்த இறங்கியது. விற்றுக் கொடுக்கிறவருக்கு முதல் வருடக் கட்டணத்தில் 12 சதவிகிதம், அதோடு வருடா வருடம் 6 சதவிகிதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பில்? அது மைக்ரோசாஃப்ட் நேரடியாகப் போடும். மண்டிக்காரருக்குத் தெரியும், பில் யார் கையிலோ கஸ்டமர் அவர் கையில். ரீசெல்லர்கள் முணுமுணுத்தார்கள். பில்லைப் பார்ட்னரே போடலாம் என்கிற திட்டம் வரச் சில வருடங்கள் ஆயிற்று. நம் சென்னை ஜோஹோவும் 2008லேயே இந்த மெயில் சந்தைக்கு வந்துவிட்டது.

இதே வருடங்களில் போன் பக்கம் என்ன நடந்தது? 2007 ஜனவரியில் ஐபோனை அறிவித்தார்கள். ரிம் பெரிதாகக் கலங்கவில்லை. பட்டன் இல்லை, பேட்டரி நிற்காது, கம்பெனி மெயில் வராது. இந்த மூன்றாவதுதான் ரிம்மின் கோட்டைச் சுவர். 2008 ஜூலையில் அது இடிந்தது. மைக்ரோசாஃப்ட் தன் சர்வரிலிருந்தே நேராகப் போனுக்கு மெயில் தள்ளுகிற முறையை ஏற்கெனவே வைத்திருந்தது. ஆப்பிள் அதற்கு லைசென்ஸ் வாங்கிவிட்டது. நடுவில் தனி மையம் தேவையில்லை. தனிச் சந்தாவும் தேவையில்லை.

அப்புறம் செல்போன் கம்பெனிக்காரர் சும்மா இருப்பாரா? மற்ற போனில் ஓசியில் வருகிற மெயிலுக்கு உனக்கு ஏன் மாதாமாதம் அழவேண்டும் என்று ரிம்மிடம் பேரம் பேச ஆரம்பித்தார். ஐபோனுக்குப் போட்டியாக அமெரிக்காவில் வெரைஸனோடு சேர்ந்து 2008 நவம்பரில் ஸ்டார்ம் என்று தொடுதிரை பிளாக்பெர்ரி வந்தது. கோளாறு என்று ஏராளமாகத் திரும்பி வந்தன. வெரைஸன் அடுத்த வருடமே ஆண்ட்ராய்டு போனைத் தூக்கிப்பிடித்தது. விற்றுக் கொடுத்தவருக்கு விசுவாசம் லாபத்தின் மேல். அதைத் தப்பு சொல்லவும் முடியாது.

2012 ஜனவரியில் லசாரிடிஸும் பால்சிலியும் தலைமைப் பதவியை விட்டு இறங்கினார்கள். 2013ல் வந்த புதிய பிளாக்பெர்ரி, சாதாரண மெயிலுக்குத் தன் பழைய மையத்தை நம்பவில்லை. மற்ற போன்களின் வழிக்கே வந்துவிட்டது. தோப்பைத் தானே வெட்டிய மாதிரிதான். 2016 செப்டம்பரில் போன் செய்வதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. 2022 ஜனவரி 4ம் தேதி பழைய கருவிகளுக்கான சேவையும் நின்றது.

நடுவில் நிற்பவனுக்கு ஒரே பலம், அவனைத் தாண்டி வழி இல்லை என்பதுதான். ரிம் ஒரு பெரிய நடு ஆள். என் நண்பர் சின்ன நடு ஆள். இரண்டு பேருக்கும் சுற்றுவழி போட்டது ஏறக்குறைய ஒரே காலத்தில்தான்.

ரிம் கதை முடிந்தது. உங்கள் கதை ஒன்று பாக்கி.

உங்கள் கம்பெனிக்கு மெயில் முகவரி இருக்கும். அட் குறிக்குப் பிறகு வருகிற அந்தப் பெயர் யார் பெயரில் பதிவாகி இருக்கிறது, தெரியுமா? பத்து வருடம் முன்னால் செய்துகொடுத்த தம்பி, தன் பெயரிலேயே பதிந்து வைத்திருக்கலாம். கெட்ட எண்ணமாக இருக்க வேண்டியதில்லை, அன்றைய சௌகரியம். அவர் அறையைக் காலி செய்துவிட்டால், அல்லது அடுத்த வருடச் சந்தா கட்ட மறந்துவிட்டால், உங்கள் விசிட்டிங் கார்டில் இருக்கிற முகவரி வேறு யாருக்கோ போய்விடலாம். உங்களுக்கு வரவேண்டிய ஆர்டரும் கூடவே போகும்.

என் நண்பர் கடையைக் கட்டுவதற்கு முன் கடைசி ஒரு மாதம் என்ன செய்தார் தெரியுமா? மிச்சமிருந்த ஒவ்வொரு கஸ்டமருக்கும் போன் போட்டு, அவரவர் பெயரை அவரவர் பேருக்கே மாற்றிக் கொடுத்தார். விட்டுப்போனவர்களுக்கும் சேர்த்து. ஒரு பைசா வாங்கவில்லை.

எல்லா நடு ஆளும் அப்படி இருப்பார் என்று சொல்ல முடியாது. உங்கள் ஆளிடம் நாளைக் காலையில் முதல் வேலையாகக் கேட்டுவிடுங்கள்.