பொதுச் சுகாதாரத்தில் டிஜிட்டல் வரைபடம்: வெற்றிடங்களும் கவனிக்கப்பட வேண்டும்

ஒரு மாவட்டத்தில் ஒரே வாரத்தில் 30 பேருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டதாகப் பதிவானால், அது வழக்கமான எண்ணிக்கையாகத் தோன்றக்கூடும். அவர்களில் 25 பேர் ஒரே குடிநீர்த் தொட்டியைச் சுற்றி வசிப்பவர்கள் எனத் தெரிந்தால், உடனடி நடவடிக்கை தேவைப்படுகிறது. நோய் எங்கே குவிகிறது என்பதைக் காலம் தாழ்த்தாமல் காட்டுவதே டிஜிட்டல் வரைபடத்தின் பயன்.

வாராந்திரப் படிவத்திலிருந்து வரைபடத்துக்கு

இந்தியாவில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. துணை சுகாதார நிலையப் பணியாளர்கள், மருத்துவர்கள், ஆய்வகங்கள் என மூன்று தரப்பினரும் வாரந்தோறும் தனித்தனிப் படிவங்களில் எண்ணிக்கையை அனுப்பி வந்தனர். 2021 ஏப்ரலில் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் நாடு தழுவிய அளவில் அறிமுகமானது. கண்காணிக்கப்படும் நோய்கள் 18-லிருந்து 33-ஆக உயர்ந்தன. களப் பணியாளர் கைப்பேசியிலோ கையடக்கக் கணினியிலோ பதிவிடும் தகவல், கிராம வாரியாக வரைபடத்தில் இடம்பெறுகிறது.

காலா அசார் ஒழிப்பு

பிகார், ஜார்க்கண்ட் உள்ளிட்ட மாநிலங்களில் காணப்படும் காலா அசார் நோயை மணல் ஈக்கள் பரப்புகின்றன. இவை மண்சுவர் வெடிப்புகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் தங்குகின்றன. வட்டார அளவில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோய்ப் பாதிப்பைக் கொண்டுவருவதே ஒழிப்புக்கான இலக்கு. பாதிப்பு குறையக் குறைய, எஞ்சியுள்ள கிராமங்களைத் துல்லியமாக அறிந்து அங்கு மருந்து தெளிப்பது இன்றியமையாததாகிறது.

வரம்புகள்

வரைபடத்தில் புள்ளி இல்லாத பகுதி நோயற்ற பகுதி என்று கருதிவிட முடியாது. பணியிடம் காலியாக இருக்கலாம். இணையத் தொடர்பு இல்லாதிருக்கலாம். நோயாளிகள் தனியார் மருத்துவர்களிடம் சென்றிருக்கலாம். ஆகவே, தகவலே வராத கிராமங்களைத் தனி நிறத்தில் குறித்து, அங்கு பணியாளரை நேரில் அனுப்புவது அவசியம்.

அந்தரங்கப் பாதுகாப்பும் முக்கியமானது. காசநோய், எச்ஐவி போன்ற பாதிப்புகளில் நோயாளியின் வீடு அடையாளம் காணப்பட்டால், அவர் புறக்கணிப்புக்கு ஆளாக நேரிடும். வீட்டளவிலான விவரம் சிகிச்சை அளிப்போரிடம் மட்டுமே இருக்க வேண்டும்; பொதுமக்களுக்கான வரைபடத்தில் பகுதி அளவிலான தகவலே போதுமானது.

நோய்க்குவியல் தெரிந்த அன்றே குடிநீர்த் தொட்டியில் குளோரின் கலக்கவும், வீடு வீடாக உப்பு-சர்க்கரைக் கரைசல் வழங்கவும் ஆள்கள் இருந்தால்தான் வரைபடம் உயிர்களைக் காக்கும்.