கட்டடக்காரர் கண்ட சுருள் அண்டம்

அசுவினி முதலாக இருபத்தேழு நாள்மீன்களை நம் முன்னோர் எண்ணி வகுத்தனர். அவற்றுள் உத்திரட்டாதிக்கு வடகிழக்கே, நிலவற்ற தூய இரவில், பஞ்சுத் துணுக்குப் போன்ற மங்கிய ஒளி ஒன்று வெறுங்கண்ணுக்கே புலனாகும். மேலைநாட்டார் அதனை அந்திரோமீடா என்னும் விண்மீன் குழுவைச் சார்ந்ததாகக் கொண்டு அப்பெயராலேயே வழங்கினர். பாரசீக வானநூலறிஞர் அல் சூஃபி, 964ஆம் ஆண்டளவில் எழுதிய விண்மீன் நூலில் அதனைச் சிறு மேகம் எனக் குறித்தார். 1612ஆம் ஆண்டில் சைமன் மாரியஸ் என்னும் ஜெர்மானியர் தொலைநோக்கி வழியாக அதனைக் கண்டார். ஆயினும் அது யாது, எவ்வளவு தொலைவில் உள்ளது என்ற இரு வினாக்களுக்கும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் உறுதியான விடை கிடைத்திலது.

அம்முகிலின் வடிவை உலகுக்கு முதன்முதலாகத் தெளிவுறக் காட்டியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அரசாங்க வானநூலாரும் அல்லர். கட்டடத் தொழில் செய்து பொருளீட்டிய ஐசக் ராபர்ட்ஸ் என்பவர். பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின்பொருட்டு வேற்றூர் சென்று, பகலில் தொழிலும் இரவில் அறிவு வேட்கையுமாக வாழ்ந்த அவருடைய வரலாறு நம் சங்கத்தாருக்கு அயலானதன்று. ஆதலின் இவ்வாண்டு மலரில் அதனை எடுத்துரைக்க விழைகின்றோம்.

ராபர்ட்ஸ் 1829ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டில் டென்பி நகரை அடுத்த குரோஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே இங்கிலாந்தின் துறைமுக நகராகிய லிவர்பூலுக்குச் சென்று, ஒரு கட்டடத் தொழிலகத்தில் வேலை பயிலச் சேர்ந்தார். அக்காலத்தில் வேல்ஸ் மக்கள் பெருந்தொகையினராக லிவர்பூலிற் குடியேறி வந்தனர். அந்நகரின் தெருக்கள் பலவற்றைக் கட்டியெழுப்பியோர் அவர்களே. தம் மொழியையும் வழிபாட்டையும் விடாது போற்றிய அவர்கள், 1884ஆம் ஆண்டில் தங்கள் தேசியக் கலைவிழாவாகிய ஐஸ்டெத்வொட் என்பதனையும் அந்நகரிலேயே கூட்டினர். வேற்றூரில் தாய்மொழி விழா நடத்துவோர்க்கு இச்செய்தியின் சுவையை விளக்க வேண்டுவதில்லை.

பயிலச் சேர்ந்த தொழிலில் ராபர்ட்ஸ் படிப்படியாக உயர்ந்து செல்வரானார். மண்ணியலில் முதலில் நாட்டம் செலுத்தியவர், பின்னர் வானத்தின்பால் திரும்பி, 1878ஆம் ஆண்டில் 7 அங்குல வில்லைத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். சில ஆண்டுகளில் லிவர்பூலுக்கு அணித்தான மகல் என்னும் ஊரில் இல்லம் அமைத்து, அங்கே தமக்கென வானாராய்ச்சி நிலையம் ஒன்றையும் நிறுவினார். 1885ஆம் ஆண்டில், டப்ளின் நகரத்து ஹோவர்டு கிரப் என்னும் கருவியாளர் செய்த 20 அங்குல ஆடித் தொலைநோக்கி அவர் கைக்கு வந்தது.

அதற்கு முன்பு வான்முகில்களின் வடிவை எழுதிவைத்தோர் கையையும் கண்ணையுமே நம்பியிருந்தனர். அயர்லாந்தில் ராஸ் பிரபு என்பார், 72 அங்குல ஆடி கொண்ட மாபெருந் தொலைநோக்கியால் 1845ஆம் ஆண்டில் வேறொரு முகிலை நோக்கி, அது சுருள் வடிவுடையது எனக் கண்டு வரைந்தார். அமெரிக்க நாட்டு ஹார்வர்டில் ஜார்ஜ் பாண்ட் என்பார் அந்திரோமீடா முகிலை ஆராய்ந்து, அதன் ஒளியினூடே இரு கருங்கோடுகள் வாய்க்கால்போல் ஓடுவதாக வரைந்தார். அக்கோடுகளின் பொருள் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரே முகிலை இருவர் வரையின் இரு படமாயின. ஒருவர் கண்டதை மற்றவர் காணாதபோது, குறை வானத்திலா, கருவியிலா, வரைந்தவர் கண்ணிலா என்று தீர்ப்பதற்கு வழியில்லை.

அவ்வழியைத் திறந்தது நிழற்படக் கலை. நம் கண் ஒளியைச் சேமித்து வைக்கவல்லதன்று. ஒரு நொடியின் சிறு பகுதியிற் பெற்ற ஒளியைக் கொண்டே அது உருவை உணர்த்துகிறது. மங்கலான பொருளை மணிக்கணக்கில் உற்று நோக்கினும் அதன் ஒளி கண்ணிற் குவிவதில்லை. வெள்ளி உப்புப் பூசிய கண்ணாடித் தகடோ, துளித்துளியாய் வீழும் மழைநீரை ஏரி தேக்குவதுபோல, விழும் ஒளியையெல்லாம் தேக்கிக்கொள்கிறது. எனினும் 1851ஆம் ஆண்டில் ஆர்ச்சர் என்பார் கண்ட முறையில் தகடு ஈரமாக இருக்கும்போதே படமெடுத்தல் வேண்டும். சில நிமிடங்களில் அது உலர்ந்து பயனற்றுப்போம். 1871ஆம் ஆண்டில் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஜெலாட்டின் பூசிய உலர்தகட்டைச் செய்து காட்டினார். பின்வந்தோர் அதனைச் செம்மைப்படுத்திய பின்னரே மணிக்கணக்கான படப்பிடிப்புக் கைகூடிற்று.

அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர், 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், ஓரியன் முகிலை 51 நிமிடம் ஒளிகாட்டிப் படமெடுத்தார். வான்முகில் ஒன்றின் முதல் நிழற்படம் அதுவே. லண்டனை அடுத்த ஈலிங்கில் வாழ்ந்த பொறியாளர் ஆண்ட்ரூ காமன், 36 அங்குல ஆடியால் 1883ஆம் ஆண்டில் அதே முகிலை இன்னும் சிறப்பாகப் படமெடுத்தார். இவ்விருவரும் வானநூலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ராபர்ட்ஸ் மேற்கொண்ட பணி இவர்களுடையதினும் அரிது. அந்திரோமீடா முகிலின் நடுப்பகுதி ஒளி மிக்கதேனும், புறப்பகுதிகள் மிக மங்கியவை. அவை தகட்டிற் பதிய வேண்டுமாயின் பல மணி நேரம் வேண்டும். நிலவுலகம் மணிக்கு 15 பாகை சுழல்வதால், நான்கு மணி நேரத்தில் வானம் 60 பாகை நகர்ந்து காணப்படும். அவ்வளவு நகர்ச்சியையும் தொலைநோக்கி மயிரிழை பிறழாமல் பின்பற்றுதல் வேண்டும். கடிகாரப் பொறி அதனைச் சுழற்றுமெனினும், பற்சக்கரத்திலுள்ள சிறு குற்றமும் விண்மீனைக் கோடாக இழுத்துவிடும். ஆகவே ராபர்ட்ஸ், 20 அங்குல ஆடியையும் 7 அங்குல வில்லையையும் ஒரே தாங்கியில் ஒன்றற்கொன்று எடையொப்பப் பொருத்தச் செய்தார். ஒன்று படமெடுக்க, மற்றொன்றின் வழியே ஒரு விண்மீனைக் குறுக்கிழைகளின் சந்திப்பில் வைத்து ஒருவர் இடைவிடாது காத்திருப்பார். மீன் சற்றே விலகினும் திருகைத் திருப்பிப் பழைய இடத்திற் கொணர்வார். இங்கிலாந்தின் மழைக்கால வானத்தில் முகில் மறைக்காத நான்கு மணி நேரம் கிட்டுவதே அரிது. கிட்டிய இரவிலோ குளிர் விரல்களை விறைக்கச் செய்யும். இறுதியில் ஒருமுறை கைதவறினும் அதுவரை பட்ட பாடனைத்தும் வீண்.

இத்தகைய உழைப்பின் பயனாக 1888ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் நான்கு மணி நேரம் ஒளிகாட்டி எடுத்த தகட்டில், அந்திரோமீடா முகிலின் உருவம் வெளிப்பட்டது. பாண்ட் கண்ட கருங்கோடுகள் தனித்த வாய்க்கால்கள் அல்ல. ஒளிமிக்க நடுவைச் சுற்றி வளைந்தோடும் சுருட்கைகளின் இடைவெளிகளே அவை என்பது புலனாயிற்று. நாம் அச்சுருளைச் சாய்வாக நோக்குவதால் அது நீள்வட்டமாகத் தோன்றுகிறது. வரைந்தோரிடையே நிலவிய வழக்கு ஒரு தகட்டால் தீர்ந்தது. 1895ஆம் ஆண்டில் அரச வானநூற் கழகம் ராபர்ட்ஸுக்குப் பொற்பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

வடிவம் விளங்கிற்று, பொருள் விளங்கிற்றா? ஞாயிறும் கோள்களும் சுழலும் முகிலொன்று சுருங்கியதால் உண்டானவை என்று பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் 1796ஆம் ஆண்டில் எழுதியிருந்தார். ராபர்ட்ஸ் தம் படத்தை அக்கொள்கையின் கண்கூடான சான்றாகக் கொண்டார். நடுவிலுள்ள ஒளித்திரள் பிறக்கும் ஞாயிறு. சுருள்கள் பிரியும் வளையங்கள். அருகிலுள்ள இரு சிறு முகில்கள் உருவாகிவரும் கோள்கள் எனக் கருதினார். 1885ஆம் ஆண்டில் அம்முகிலில் புதுமீன் ஒன்று தோன்றிச் சில மாதங்களில் மறைந்ததும் அக்கருத்துக்குத் துணையாயிற்று. முகில் மிகத் தொலைவில் இருக்குமாயின், அவ்வொரு மீனின் ஒளி நம்பவொண்ணாத அளவினதாதல் வேண்டுமன்றோ என்று பலரும் வாதித்தனர்.

இதற்கு மாறான குரல்களும் எழுந்தன. 1899ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஷைனர் என்பார், ஏழரை மணி நேரம் ஒளிகாட்டி அம்முகிலின் நிறமாலையைப் பதிவு செய்து, அது ஞாயிற்றின் நிறமாலையை ஒத்திருத்தலின் அம்முகில் விண்மீன்களின் கூட்டமே என்றார். 1920ஆம் ஆண்டில் ஷேப்லி, கர்ட்டிஸ் என்னும் இரு வானநூலார் வாஷிங்டன் நகரில் இது பற்றி அவைமுன் வாதிட்டும் முடிவு எய்தவில்லை. 1923ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், கலிபோர்னியாவின் வில்சன் மலையிலுள்ள 100 அங்குலத் தொலைநோக்கியால் எட்வின் ஹபிள் எடுத்த தகட்டில், ஒளி கூடியும் குறைந்தும் வரும் மீன் ஒன்று அகப்பட்டது. அவ்வகை மீனின் ஒளி மாறும் கால அளவிலிருந்து அதன் உண்மை ஒளியைக் கணிக்கலாம் என ஹென்ரியட்டா லெவிட் என்னும் பெண்மணி முன்னரே நிறுவியிருந்தார். அதனைக் கொண்டு ஹபிள் கணித்த தொலைவு, சற்றேறக்குறைய 9 இலட்சம் ஒளியாண்டு. பிற்கால ஆராய்ச்சி அதனை 25 இலட்சம் ஒளியாண்டாக உயர்த்தியது. பிறக்கும் ஞாயிறு என ராபர்ட்ஸ் கருதியது, எண்ணிறந்த ஞாயிறுகளைக் கொண்ட தனி அண்டம். அவர் கோள்கள் என எண்ணியவை அதனைச் சார்ந்த சிற்றண்டங்கள். 1885ஆம் ஆண்டின் புதுமீனோ, பேரொளியுடன் வெடித்தழிந்த விண்மீன்.

ராபர்ட்ஸ் 1904ஆம் ஆண்டிலேயே மறைந்தமையின் இம்முடிவை அவர் அறிந்திலர். ஆயின் அவர் படத்திற்கு இதனால் இழுக்கு ஒன்றும் இல்லை. அவர் சொன்ன பொருள் கழிந்தது. பதிவு செய்த உருவம் நின்றது. நேர்மையாக எடுத்த பதிவு, எடுத்தவர் கருத்தையும் திருத்தவல்ல சான்றாக நிலைபெறும். அவர் தம் செல்வத்தின் ஒரு பகுதியை லிவர்பூலிலும் வேல்ஸிலும் மாணவர் உதவிக்கென விட்டுச்சென்றார். வானநூல் வல்ல அவர்தம் துணைவியார் டொரோத்தியா கிளம்ப்கி, கணவர் எடுத்த படங்களைப் பேணி, 1929ஆம் ஆண்டில் அவற்றுள் ஒரு தொகுதியை நூலாக வெளியிட்டார்.

நம் நாட்டிலும் இத்தகைய ஆர்வலர் தோன்றியதுண்டு. ஐதராபாத்தில் நவாப் ஜஃபர் ஜங் என்பார் தம் சொந்தப் பொருளால் 1901ஆம் ஆண்டில் நிறுவிய நிலையமே பின்னர் நிஜாமியா வானாராய்ச்சி நிலையமாயிற்று. உலக நாடுகள் பங்கிட்டுக்கொண்டு வானம் முழுவதையும் நிழற்படமாக்க முயன்ற பெரும்பணியில் அந்நிலையமும் தன் பங்கை ஆற்றியது, டி. பி. பாஸ்கரன் பல்லாண்டுகள் அதன் தலைமை ஏற்று நடத்தினார்.

இன்று கண்ணாடித் தகட்டின் இடத்தை மின்னணு உணர்விகள் கொண்டுள்ளன. நீண்ட ஒளிகாட்டலைச் சிறு சிறு படங்களாகப் பகுத்தெடுத்துக் கணிப்பொறியால் அடுக்கி ஒன்றாக்குகின்றனர். குறுக்கிழையில் மீனைக் காக்கும் வேலையையும் பொறியே செய்கிறது. எனினும் பொறுமையின் பங்கு குறைந்தபாடில்லை. 2022ஆம் ஆண்டில் ஆர்வலர் சிலர் அதே அந்திரோமீடா அண்டத்தை நூறு மணி நேரத்துக்கும் மேலாகப் படமெடுத்தபோது, அதன் அருகே அதுவரை ஒருவரும் அறியாத ஆக்சிஜன் ஒளிவளைவு ஒன்று வெளிப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அதனை அறிவித்தனர். உடனே எழுந்த வினா யாது? அவ்வளைவு அவ்வண்டத்தை அண்டியதா, அன்றி நம் பால்வழியைச் சேர்ந்து இடையில் நிற்பதா என்பதே! படம் உருவைத் தரும். தொலைவை அதுவே கூறாது. ராபர்ட்ஸ் தகட்டின் முன் நின்ற வினா மீண்டும் வந்து நின்றது.

நம் குடியிருப்புகளின் தெருவிளக்கொளியில் அந்திரோமீடா தோன்றுவதில்லை. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் விடுமுறைக்கு ஊர் செல்வோர், அமாவாசையை ஒட்டிய முன்னிரவில் வயல்வெளிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வாராக. பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்தமைக்கும் பெருஞ்சதுரத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து வடகிழக்காகச் சென்று, அடுத்த ஒளிமிக்க மீனை அடைந்து, அங்கிருந்து வடமேற்காகத் திரும்பின் அம்மங்கிய ஒளி தென்படும். மனிதர் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அங்கிருந்து புறப்பட்ட ஒளி அது என்பதனையும், குளிரில் நான்கு மணி நேரம் காத்திருந்து அதன் வடிவைப் பெற்றுத் தந்தவர் ஒரு கட்டடக்காரர் என்பதனையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.