ஒரே திரையில் பல நிரல்கள்: ஜன்னல்கள் வந்த கதை

கணினியில் ஒரு பக்கம் பாட்டு ஓடுகிறது. இன்னொரு பக்கம் இணையப் பக்கம் திறந்திருக்கிறது. நடுவில் கட்டுரையும் தட்டச்சாகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு சொடுக்கு போதும். ஆனால் இந்த வசதி கணினியோடு கூடப் பிறந்ததல்ல. இதற்காக மூன்று சிக்கல்களைத் தீர்க்க வேண்டியிருந்தது.

முதல் சிக்கல்: இடம்

1973இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஆல்ட்டோ என்ற கணினி உருவானது. மேசைமேல் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதுபோல, அதன் திரையில் சாளரங்களை அடுக்கிக் காட்டினார்கள் ஆலன் கே குழுவினர்.

1984இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் சாளரங்களோடு விற்பனைக்கு வந்தது. ஆனால் நினைவகம் 128 கிலோபைட்தான். கால்குலேட்டர் போன்ற சிறு கருவிகளைத் தவிர்த்தால், ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள் மட்டுமே ஓடும். 1985 நவம்பரில் வந்த விண்டோஸ் 1.0இல் பல நிரல்களைத் திறக்கலாம். ஆனால் அவற்றின் சாளரங்கள் தரையில் ஓடு பதித்ததுபோல் அருகருகேதான் நிற்கும். ஒன்றன்மேல் ஒன்று வைக்க, 1987இல் விண்டோஸ் 2.0 வரவேண்டியிருந்தது.

இரண்டாம் சிக்கல்: முறை

இருப்பது ஒரே ப்ராசஸர். கேட்பவை பல நிரல்கள். பழைய மெக்கின்டாஷிலும் விண்டோஸ் 3.1இலும் ஒரு நிரல் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு முறை வரும். தெருக்குழாயில் குடம் வைத்தவர் நகராமல் நின்றால் வரிசை முழுவதும் காத்திருப்பதுபோல, ஒரு நிரல் சிக்கிக்கொண்டால் மற்ற எல்லாமே நின்றுவிடும். சேமிக்காத வேலையும் பல நேரம் அதோடு போய்விடும்.

இதற்குத் தீர்வு, இயங்குதளமே நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது. வீட்டுக் கணினிகளில் 1985இலேயே அமிகா இதைச் செய்தது. விண்டோஸ் 95 தன் 32-பிட் நிரல்களுக்குச் செய்தது. ஆப்பிள் கணினிகளுக்கு 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் மூலம் வந்தது.

மூன்றாம் சிக்கல்: ஞாபகம்

விண்டோஸ் 3.1இல் ஒரு சாளரத்தைச் சுருக்கினால், அது சிறு படமாகித் திரையின் அடியில் போய் உட்காரும். அதன்மேல் வேறு சாளரம் விரிந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. புதியவர்கள் நிரல் காணாமல் போய்விட்டதாக நினைத்து மறுபடியும் திறந்தார்கள். 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95இல் வந்த டாஸ்க்பார் இந்தக் குழப்பத்தைப் போக்கியது. திறந்திருப்பவை எல்லாம் ஒரே பட்டையில், எப்போதும் கண்ணெதிரே. இதுபோன்ற பட்டை ஒன்று 1987இலேயே பிரிட்டனின் ஆக்கார்ன் கணினியில் இருந்தது.

சாளரங்கள் இருபது முப்பது ஆனால்? 1986இல் பார்க் ஆய்வாளர்கள் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் 'ரூம்ஸ்' என்ற முறையை விளக்கினார்கள். நினைவகம் போதாத கணினி வேலையை விட்டுவிட்டுத் தகவலை உள்ளே வெளியே மாற்றுவதிலேயே நேரத்தைக் கழிக்கும். சிறிய திரையில் மனிதரும் அப்படித்தான் சாளரங்களை நகர்த்தியே களைக்கிறார் என்பது அவர்கள் கண்டது. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை, அதாவது தனித் திரை. யுனிக்ஸ், லினக்ஸ் பயனர்கள் 1990களிலேயே இந்த வசதியைப் பயன்படுத்தினார்கள். விண்டோஸோடு சேர்ந்தே வர 2015இல் விண்டோஸ் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

128 கிலோபைட் இருந்த இடத்தில் இன்று பல ஜிகாபைட் நினைவகம் இருக்கிறது. மனிதர் ஒரு நேரத்தில் கவனிக்கக்கூடியது மட்டும் அன்று இருந்த அளவுதான். விண்டோஸ் 10இலும் 11இலும் விண்டோஸ் விசையோடு டேப் விசையை அழுத்தினால் அந்த அறைகள் திறக்கும். பாடத்துக்கு ஓர் அறை, பாட்டுக்கும் அரட்டைக்கும் வேறோர் அறை என்று பிரித்துப் பார்க்கலாம்.