பினாங்கு அஞ்சலும் தனியார்மய விவாதமும்

மலேசிய அஞ்சல் சேவையின் தனியார்மயம் ஒரே நாளில் நடந்ததன்று. அரசுத் துறையாக இருந்த அஞ்சல் 1992-இல் நிறுவனமானது. 2001-இல் பங்குச் சந்தைக்குள் நுழைந்தது. 2011-இல் தனியார் குழுமம் ஒன்றின் கைக்குப் போனது. ஒவ்வொரு படியிலும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் முழுக் கேள்வியும் ஒருமுறைகூட மக்கள் முன் வைக்கப்படவில்லை. மாற்றம் நாடு தழுவியது என்றாலும் பினாங்கிலிருந்து அதைப் பார்ப்பது பயனுள்ளது. மலாயாவில் ஆங்கிலேயர் முதலில் காலூன்றிய இடம் இது. தபாலை யார் நடத்துவது, நட்டம் தரும் கடிதத்துக்கு யார் செலவழிப்பது என்ற வழக்கும் இந்த மலாக்கா நீரிணைக் கரையில் பழையது.

கம்பெனியும் கப்பலும்

1786-இல் ஃபிரான்சிஸ் லைட் தீவில் இறங்கியது கிழக்கிந்தியக் கம்பெனிக்காக. அதாவது ஜார்ஜ்டவுனின் முதல் தபால் ஏற்பாடே பங்குதாரர்களுக்கு லாபம் ஈட்ட வேண்டிய ஒரு வணிக நிறுவனத்தின் கீழ் உருவானது. தனியார்மயத்தை ஏதோ புதுச் சரக்கு போலப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 1845-இல் பி அண்ட் ஓ நிறுவனம் இலங்கையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வழியாக ஹாங்காங்குக்கு மாதாந்திரத் தபால் கப்பலை விட்டது. கப்பல் தனியாருடையது, அதை ஓட்ட மானியம் கொடுத்தது பிரிட்டிஷ் அரசு. பின்னாளில் நடந்த வாதங்களுக்கெல்லாம் முன்மாதிரி இந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

1854 முதல் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் இந்திய அஞ்சல்தலைகளே செல்லுபடியாயின. பினாங்கில் அவற்றின்மேல் விழுந்த முத்திரையின் எண் 'பி 147'; சிங்கப்பூருக்கு 172, மலாக்காவுக்கு 109. அஞ்சல்தலை சேகரிப்போர் இன்றும் இந்த எண்ணைத் தேடி அலைகிறார்கள். 1867 ஏப்ரலில் இப்பகுதி இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து முடியரசின் நேரடிக் குடியேற்றமானது. அதே ஆண்டு செப்டம்பரில், இந்தியத் தலைகளின் மேலேயே கிரீடத்தையும் சென்ட் மதிப்பையும் அச்சிட்டு விற்றார்கள். 1877-இல் நீரிணைக் குடியேற்றங்கள் உலக அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்தன.

கடிதக் கடைகளும் கலவரமும்

அரசுத் தபால் வந்தபின்பும் எல்லாக் கடிதங்களும் அதன் வழியாகப் போகவில்லை. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய சீனத் தொழிலாளர் ஊருக்கு அனுப்பிய கடிதமும் பணமும் தனியார் கடிதக் கடைகள் வழியாகச் சென்றன. எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுப்பது, கையில் பணமில்லாதவருக்கு முன்பணம் தருவது, ஊரில் வீடு தேடிச் சேர்ப்பது, பெற்றவரின் பதிலைத் திருப்பிக் கொண்டுவருவது என எல்லாமே அந்தக் கடைகளின் வேலை. காலனிய அஞ்சல் அலுவலகத்தால் இதில் பாதிகூடச் செய்ய முடியாது.

1876-இல் அரசு இதில் கைவைத்தது. சீனர்களுக்கென்று தனித் துணை அஞ்சலகம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. கடைகளின் ஏமாற்றிலிருந்து தொழிலாளரைக் காப்பது அரசு சொன்ன காரணம். வருமானம் அரசுக்கு வருவது சொல்லாத காரணம். அந்த டிசம்பரில் கலவரம் வெடித்தது. அஞ்சலகம் சூறையாடப்பட்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. நூறாண்டுக்குப் பின் அரசுத் தபாலைத் தனியாருக்குக் கொடுப்பதைப் பற்றிச் சண்டை வந்தது. இங்கே தனியார் தபாலை அரசு எடுத்துக்கொண்டதற்குச் சண்டை. இரண்டிலும் மக்களின் கவலை ஒன்றே: வீட்டுக்கு அனுப்பும் பணமும் கடிதமும் யாரை நம்பிப் போகும் என்பது.

தமிழரின் நிலை வேறு. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்தவர்களுக்கு அஞ்சலகம்தான் மணியார்டர் அனுப்பும் இடம். 1877-இல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கி பணம் போட்டுவைக்கும் இடம். கடிதம் தோட்டத்து ஆபீஸ்வரைதான் வரும். அங்கிருந்து பிரித்துக் கொடுப்பது தோட்டத்து எழுத்தரான கிராணியின் கையில். வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வருவது என்பதே பலருக்குப் பட்டணத்து வசதி. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குத் துறைமுகத்துக்கும் இடையே 'ரஜுலா' போன்ற கப்பல்கள் ஓடிய காலத்தில், ஊர்க்காரர் கையில் கொடுத்தனுப்பும் கடிதமும் தபாலோடு போட்டியிட்டது.

சீருடையணிந்த தபால் ஊழியரின் கூலிப் போராட்டங்களில் பெயர் பெற்றது 1952 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த வேலைநிறுத்தம். மலாய்க்காரரும் இந்தியரும் நிறைந்த அந்தச் சங்கத்துக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ. தபால்காரர்களுக்கு மக்கள் ஆதரவு பெருகியது, சங்கமும் வென்றது. அவருடைய அரசியல் வாழ்வு அங்கேதான் தொடங்கியது என்று சொல்வாருண்டு.

துறை நிறுவனமாதல்

விடுதலைக்குப் பின் நடந்த ஒரு மாற்றம் அதிகம் பேசப்படுவதில்லை. 1974-இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தனியே பிரிந்து பேங்க் சிம்பனான் நேஷனல் ஆனது. ஜப்பானிலும் இந்தியாவிலும் கடிதத்தின் நட்டத்தைத் தாங்கிநிற்பது அஞ்சலகச் சேமிப்பும் காப்பீடும் கொண்டுவரும் வருமானம். மலேசிய அஞ்சல், தனியார்மயப் பேச்சு எழுமுன்பே, அந்தத் தூணை இழந்திருந்தது.

1983-இல் பிரதமர் மகாதீர் தனியார்மயக் கொள்கையை அறிவித்தார். அஞ்சல் இருந்த அதே அமைச்சின் கீழிருந்த தொலைபேசித் துறை 1987-இல் நிறுவனமாகி 1990-இல் சந்தைக்கு வந்தது. 1989 முதல் 1995 வரை எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் அமைச்சராக இருந்தவர் மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் ச. சாமிவேலு. அஞ்சல் சேவைச் சட்டமும் வாரிசு நிறுவனச் சட்டமும் 1991-இல் நிறைவேறின. 1992 ஜனவரி 1-இல் போஸ் மலேசியா பிறந்தது. ஊழியர்கள் குறையாத நிபந்தனைகளில் புதிய நிறுவனத்துக்கு மாற வழி செய்யப்பட்டது. துறையாக இருந்தால் ஒரு வேன் வாங்கவும் கருவூலத்தைக் கேட்க வேண்டும் என்பது ஆதரவாளர் வாதம். ஓய்வூதியமும் வேலை நிலைப்பும் போய்விடுமோ என்பது ஊழியர்களின் அச்சம். இரண்டிலும் உண்மை இருந்தது.

தமிழரிடையே தனியார்மயம் என்ற சொல் பங்கு ஒதுக்கீட்டோடு சேர்ந்தே ஒலித்தது. அதற்கு அஞ்சல் காரணமில்லை, தொலைபேசிதான் காரணம். தொலைபேசி நிறுவனமான டெலிகோம் சந்தைக்கு வந்தபோது, இந்தியரின் சேமிப்பில் உருவான மைக்கா ஹோல்டிங்ஸுக்கு 1 கோடிப் பங்குகள் ஒதுக்கப்பட்டு, 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. சாமிவேலு தவறு நடக்கவில்லை என மறுத்தார். ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. ஆனாலும் 'தனியார்மயத்தில் நமக்கு என்ன கிடைத்தது' என்ற கேள்வி எஸ்டேட் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அஞ்சலின் சேவைத் தரம் பற்றிய பேச்சை அது ஓரம் தள்ளிவிட்டது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சந்தையும் கைமாற்றமும்

2001-இல் ஃபிலியோ அல்லைட் என்ற நிறுவனத்தின் வழியாகப் போஸ் மலேசியா பங்குச் சந்தைக்குள் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அஞ்சல் துறையின் கண்காணிப்பு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் போனது. புதிய சுதந்திரம் எப்போதும் நன்றாகப் பயன்படவில்லை. சரக்கு விமான நிறுவனமான டிரான்ஸ்மைலில் வாங்கிய பங்கு, 2007-இல் அந்நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிப்பட்டபோது பெரும் இழப்பாயிற்று. கருவூலத்தைக் கேட்க வேண்டியிருந்த காலத்தில் அப்படி ஒரு பேரம் நடந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி.

கடிதக் கட்டணம் மட்டும் அரசின் பிடியிலேயே இருந்தது. 18 ஆண்டுகள் 30 சென்னாக நின்ற சாதாரணக் கடிதக் கட்டணம் 2010 ஜூலை 1-இல் 60 சென் ஆனது. அதே மாதம் அரசு முதலீட்டு நிறுவனமான கசானா தன்னிடமிருந்த 32 விழுக்காட்டுப் பங்கை விற்கப்போவதாக அறிவித்தது. கட்டணம் இரட்டிப்பானதும் விற்பனை அறிவிப்பு வந்ததால், உயர்வு யாருக்காக என்று கேட்டவர்கள் பலர். நகரங்களின் நடுவே அஞ்சலிடம் இருந்த நிலங்களின் மதிப்பைப் பற்றியும் விவாதம் எழுந்தது. 2011 ஏப்ரலில் தொழிலதிபர் சைட் மொக்தார் அல்-புகாரியின் டிஆர்பி-ஹைகோம் குழுமம் பங்கு ஒன்றுக்கு 3.60 ரிங்கிட் வீதம், ஏறத்தாழ 62 கோடி ரிங்கிட்டுக்குக் கசானாவின் பங்கை வாங்கியது. அடுத்த ஆண்டு கார் நிறுவனமான புரோட்டோனும் அதே குழுமத்துக்குப் போனது. 2016-இல் அஞ்சலில் குழுமத்தின் பங்கு பாதியைத் தாண்டியது. முக்கிய முடிவுகளில் தலையிட உதவும் சிறப்புப் பங்கு ஒன்றை நிதியமைச்சு வைத்துக்கொண்டது.

ஆக, உடைமை தனியாருடையது. விலையும் கடமையும் அரசுடையவை. நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் சேர்க்கும் பொதுச் சேவைக் கடமையை 2012-ஆம் ஆண்டின் அஞ்சல் சேவைச் சட்டம் உறுதிசெய்தது. கடிதம் பெருகிய காலத்தில் இந்த ஏற்பாடு தாங்கியது. வங்கிக் கணக்கு அறிக்கையும் மின்கட்டணப் பில்லும் கைப்பேசிக்கு மாறியபின் தாங்கவில்லை. ஜார்ஜ்டவுன் டவுனிங் தெருப் பொது அஞ்சலகத்துக்கு வருகிறவர்கள் கடிதம் போடவே வருகிறார்கள் என்று சொல்ல முடியாது. சாலை வரி கட்டவும் பொட்டலம் அனுப்பவும் வருவார்கள். பொட்டல வணிகத்திலோ 1988-இல் தொடங்கிய அஞ்சலின் கூரியர் சேவையான போஸ் லாஜூவுக்கு எதிரே நூற்றுக்கு மேற்பட்ட உரிமம் பெற்ற கூரியர்கள் நின்றன. லாபம் தரும் பட்டணத்துத் தெருக்களைப் போட்டியாளர்கள் எடுத்துக்கொள்ள, காட்டோரக் கிராமமும் மலைச்சாலையும் போஸ் மலேசியாவுக்கு எஞ்சின. விலைப்போர் முற்றி, 2020 செப்டம்பரில் புதிய கூரியர் உரிமங்களை ஆணையம் இரண்டாண்டுக்கு நிறுத்திவைத்தது.

2019 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் போஸ் மலேசியாவின் நட்டம் 16 கோடி ரிங்கிட்டைக் கடந்தது. 2021-இல் 33 கோடியைக் கடந்தது. 2020 பிப்ரவரியில் வணிகக் கடிதக் கட்டணம் உயர்ந்தது. தனிமனிதர் அஞ்சல்தலை ஒட்டி அனுப்பும் கடிதத்தின் கட்டணத்தை அரசு தொடவில்லை.

பிற நாடுகளில்

சிங்கப்பூர் அஞ்சல் 2003-இல் சந்தைக்கு வந்தது. நாடு ஒரு நகரம் என்பதால் தூரக் கிராமத்தின் செலவு அதற்கு இல்லை. ஜப்பானில் பிரதமர் கொய்சுமி 2005-இல் அஞ்சல் தனியார்மயம் என்ற ஒரே கேள்வியை வைத்துத் தேர்தலைச் சந்தித்து வென்றார். பங்குகள் சந்தைக்கு வர 2015 ஆயிற்று. பிரிட்டன் ராயல் மெயிலை 2013-இல் 330 பென்ஸ் விலையில் விற்றது. மலிவாக விற்றுவிட்டதாக நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. டென்மார்க்கில் அஞ்சல் நிறுவனம் 2025 இறுதியோடு கடித விநியோகத்தையே நிறுத்திக்கொண்டது. இந்தியாவில் அஞ்சல் இன்னும் அரசுத் துறைதான். அதன் பற்றாக்குறையை வரவுசெலவுத் திட்டம் ஏற்கிறது. மலேசியாவில் அதே பற்றாக்குறை பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் நட்டமாகத் தெரிகிறது. பொதுச் சேவைக் கடமைக்கு அரசு நேரடி மானியம் தர வேண்டுமா என்பதில்தான் இப்போதைய வாதம் வந்து நிற்கிறது.