காக்கி உடுத்திய ஆசிரியர்

கேரளத்தில் சுதந்திர தின அணிவகுப்பு நடக்கும் மைதானங்களில் காக்கிச் சீருடையோடு நடந்து வரும் பள்ளிப் பிள்ளைகளைக் காணலாம். அவர்களுக்குப் பக்கத்தில் அதே காக்கியில் நிற்கும் இரண்டு பெரியவர்களைப் பார்க்கிறவர்கள் போலீஸ்காரர்கள் என்றே எண்ணுவார்கள். ஆனால் அவர்கள் அந்தப் பள்ளியில் கணக்கோ மலையாளமோ நடத்தும் ஆசிரியர்கள். ‘ஸ்டூடண்ட் போலீஸ் கேடட்’ திட்டத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரும் ஓர் ஆசிரியையும் தாமாக முன்வந்து இந்தப் பொறுப்பை ஏற்கிறார்கள். ‘கம்யூனிட்டி போலீஸ் ஆபீசர்’ என்பது அவர்களுக்குரிய பெயர். அணிநடை பழக்குவதற்கு மட்டும் அருகிலுள்ள காவல் நிலையத்திலிருந்து காவலர்கள் வருவார்கள். இந்தத் திட்டத்தைப் பாராட்டி எழுதுகிறவர்கள் ஒழுங்காக நடைபோடும் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறார்கள். அதை உருவாக்கிய காவல்துறை அதிகாரிகளைப் பற்றி எழுதுகிறார்கள். ஆசிரியர்கள் ஒரு வரியில் முடிந்துபோகிறார்கள். திட்டம் நிலைத்து நிற்பதற்கு முதல் காரணம் அந்த இரண்டு ஆசிரியர்கள்தான் என்பது என் கருத்து. அதற்கான சான்று கேரளக் காவல்துறையின் பழைய வரலாற்றிலேயே இருக்கிறது.

அந்த வரலாறு பிள்ளைகளை அழைத்துக் கொண்டாடும் வரலாறு அல்ல. மலபார் பகுதி சென்னை மாகாணத்தில் இருந்தபோது, 1921இல் மாப்பிள்ளைக் கிளர்ச்சியை ஒடுக்குவதற்காக எழுப்பப்பட்டது மலபார் ஸ்பெஷல் போலீஸ். 1946இல் திருவிதாங்கூரில் புன்னப்ர-வயலார் எழுச்சியின்போது கைதானவர்களில் வி.எஸ். அச்சுதானந்தனும் ஒருவர், காவலில் அவர் பாதத்தில் துப்பாக்கிமுனைக் கத்தியை ஏற்றினார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அன்று, கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் விடுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, கக்கயம் போலீஸ் முகாமில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை. மகனைத் தேடி அலைந்த தந்தை ஈச்சர வாரியர் இந்திப் பேராசிரியர். மாணவர் கைதான செய்தியைத் தந்தைக்குக் கடிதமாக எழுதி அனுப்பியவர் கல்லூரி முதல்வர். 1977இல் வாரியர் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கில், ராஜனைக் கைது செய்யவே இல்லை என்று அரசுத் தரப்பு மறுத்தபோது, அதை உடைத்தது கல்லூரித் தரப்பின் சாட்சியம். முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. ஒரு மாணவன் காவல்துறையின் கையில் காணாமல் போனபோது, கண்டதைக் கண்டபடி சொன்னவர்கள் ஆசிரியர்கள். கேரளத்துக் குடும்பங்கள் பிள்ளையைக் காவல்துறையிடம் நம்பி அனுப்ப வேண்டுமென்றால் நடுவில் யார் நிற்க வேண்டும் என்பதற்கு அந்த வழக்கே விடை சொல்லிவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் அடுத்து நடந்தவற்றைப் படிக்க வேண்டும். மக்களோடு நெருங்கிப் பழகும் காவலுக்காக 2008இல் ஜனமைத்ரி திட்டம் வந்தது. கொச்சியில் பி. விஜயன் என்ற காவல்துறை அதிகாரி பள்ளி மாணவர்களோடு தொடங்கிய முயற்சிகள் வளர்ந்து, 2010 ஆகஸ்ட் 2 அன்று மாநிலத் திட்டமாயின. அப்போது முதலமைச்சராக இருந்தவர், காவலில் வதைபட்ட அதே அச்சுதானந்தன். முதல் கட்டத்தில் 127 பள்ளிகள். எட்டாம் வகுப்பில் 44 பேர், ஒன்பதாம் வகுப்பில் 44 பேர் என்று பள்ளிக்கு 88 பேர். மொத்தம் 11,176 மாணவர்கள். 44 பேரில் சரிபாதி பெண்பிள்ளைகள். அதனால்தான் பெரியவர்களிலும் ஒருவர் ஆசிரியையாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. உள்துறையும் கல்வித்துறையும் கூட்டாக நடத்தும் திட்டம் என்று தொடக்கத்திலேயே வகுத்ததுதான் இதில் மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன். ஆசிரியரைச் சீருடையில் நிறுத்துவது புதிய யோசனை ஒன்றும் அல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய மாணவர் படையிலும் ஆசிரியர்களே துணை அலுவலர்கள். ஆனால் ராணுவம் அன்றாட வாழ்க்கையில் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. காவல்துறை தட்டுகிறது. தந்தை சாராய வழக்கில் சிக்கியவர், அண்ணன் அடிதடி வழக்கில் தேடப்படுகிறவன் என்ற நிலையில் இருக்கும் பிள்ளையும் இந்த 44 பேரில் ஒருவனாக இருக்கக்கூடும். அவனுக்கும் காவல் நிலையத்துக்கும் இடையில் அவனை வகுப்பறையில் அறிந்த ஒருவர் நிற்பது, ராணுவப் பயிற்சியில் இல்லாத ஒரு தேவை.

அந்த ஆசிரியர் ஏற்கும் வேலை எளிதானதல்ல. வகுப்புகளை நடத்தி முடித்த பிறகு அணிநடைப் பயிற்சிக்கு நிற்க வேண்டும். விடுமுறை நாளில் வர வேண்டும். ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறையில் முகாம் நடத்த வேண்டும். சட்டம், சாலைப் பாதுகாப்பு, போதைப்பொருள், சுற்றுச்சூழல் என்று பாடத்திட்டத்தில் இல்லாதவற்றைக் கலந்துபேச வேண்டும். அதற்காகக் காவல்துறையின் பயிற்சி நிலையத்தில் தாமும் மாணவராக உட்கார்ந்து, நடுவயதில் இடம் வலம் திரும்பிப் பழக வேண்டும். இவ்வளவுக்கும் கிடைப்பது சிறு மதிப்பூதியம். கைது செய்யவோ விசாரிக்கவோ அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. அந்த அதிகாரமின்மைதான் அவருடைய பலம் என்று நான் சொல்வேன். வீட்டில் அடி விழுகிறது, தெருமுனையில் யாரோ பொட்டலம் விற்கிறார்கள் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை சொல்ல விரும்பினால், லத்தி ஏந்தியவரிடம் சொல்வதைவிட டீச்சரிடம் சொல்வது எளிது. கேட்டதை என்ன செய்வது, யாரிடம் எப்படிக் கொண்டுபோவது என்று எடைபோடும் பக்குவமும் பிள்ளையின் குடும்பத்தை அறிந்தவருக்கே இருக்கும்.

பிள்ளைகளைப் படைவீரர்களைப் போல வளர்ப்பது தவறு என்ற எதிர்ப்பு வலுவானது. கட்டளைக்குக் கால் தூக்குவதையே ஒழுக்கம் என்று பழக்கினால், கேள்வி கேட்கும் பழக்கம் போய்விடும். அதிகாரத்தை அஞ்சுவதற்கும் சட்டத்தை மதிப்பதற்கும் வேறுபாடு தெரியாமல் போகும். 2022 ஜனவரியில் ஒரு மாணவி இந்தத் திட்டத்தின் சீருடையோடு ஹிஜாபும் முழுக்கைச் சட்டையும் அணிய அனுமதி கேட்டபோது, மதச்சார்பின்மையைக் காரணம் காட்டி மாநில அரசு மறுத்தது. எல்லோரும் ஒரே உடையில் நிற்கும்போது சாதியும் காசும் மறைகின்றன என்பது உண்மை. அதே உடை ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தவும் கூடும் என்பதும் உண்மை. இந்த எதிர்ப்பை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அது திட்டத்தையே மூடுவதற்கான காரணமாகாது. அணிநடை குறைந்து கலந்துபேசும் நேரம் கூட வேண்டும் என்பதற்கான காரணம் ஆகும். மைதானத்தில் கட்டளையிடும் காவலர் மட்டும் இருந்தால் அந்த மாற்றம் வராது. மாணவன் எழுந்து ‘ஏன்’ என்று கேட்பதை அன்றாடம் எதிர்கொள்கிற ஆசிரியர் இருந்தால் வரும். ஆசிரியர்கள் ஏற்கெனவே வேலைப்பளுவில் திணறுகிறார்கள் என்ற மறுப்புக்கும் நியாயம் உண்டு. விருப்பமில்லாதவரைத் தலைமையாசிரியர் பிடித்துப் போட்டால் அது தொண்டாகாது, தண்டனையாகிவிடும். கருணை மதிப்பெண் கிடைக்கும் என்பதற்காகவே பிள்ளைகள் சேர்கிறார்கள் என்ற குறையையும் மறுக்க முடியாது. ஆனால் மதிப்பெண்ணுக்காக வந்த பிள்ளையை வேறொன்றில் ஈடுபட வைப்பது ஆசிரியத் தொழிலின் பழைய வேலைதானே.

பெரியவர் எங்கே வேர் கொண்டிருக்கிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1993இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் காவல்துறை அதிகாரி பிரதீப் பிலிப் தொடங்கிய ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’, பொதுமக்களில் தொண்டர்களைத் திரட்டிக் காவல்துறைக்குத் துணையாக நிறுத்திய நல்ல நோக்கமுள்ள முயற்சி. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் வதைபட்டு இறந்தபோது, அந்த வதையில் இந்த அமைப்பின் தொண்டர்களுக்கும் பங்குண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல என்று அமைப்பின் தரப்பு மறுத்தது. அடுத்த மாதமே அரசு அமைப்பைத் தடைசெய்தது. தனிப்பட்ட தொண்டர்கள் குற்றவாளிகளா இல்லையா என்பதைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. காவல் நிலையத்தையே தன் இடமாகக் கொண்ட தொண்டர், நாளடைவில் அந்த நிலையத்தின் பழக்கத்துக்கு உட்படும் ஆபத்து எப்போதும் உண்டு. பள்ளி ஆசிரியருக்குத் திரும்பிப் போக ஒரு வகுப்பறை இருக்கிறது. பதில் சொல்ல வேண்டிய பெற்றோர் இருக்கிறார்கள்.

2018 ஜூலை 21 அன்று மத்திய அரசு ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் திட்டத்தை நாடு முழுவதற்குமானதாகத் தொடங்கியது. மாநிலங்களுக்கு 67 கோடி ரூபாய், பள்ளிக்கு 50,000 ரூபாய் என்று நிதி ஒதுக்கியது. பாடநூல் இல்லை, தேர்வு இல்லை என்பது நல்லதே. ஆனால் மாதத்துக்கு ஒரு வகுப்பு போதும் என்று வகுத்ததில் கேரளத்து அனுபவத்தின் சாரம் விடுபட்டுப்போனது. மாதம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகும் அதிகாரியை எந்தப் பிள்ளையும் நம்பிப் பேசாது; வாராவாரம் வெயிலில் கூட நிற்கும் ஆசிரியரிடம் பேசும். தமிழ்நாட்டிலும் இந்தத் திட்டத்தை நடத்துகிறவர்களே, சீருடைக்கும் தொப்பிக்கும் செலவிடுவதற்கு முன்னால், விரும்பி வரும் ஆசிரியர்களைத் தேடிப் பிடியுங்கள். அவர்களுடைய பாடவேளையைக் குறையுங்கள். உழைப்புக்கு உரிய ஊதியம் கொடுங்கள். காவல்துறையை எதிர்த்துக்கூடப் பிள்ளையின் பக்கம் நின்று பேசும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று விதியிலேயே எழுதி வையுங்கள்.