கிட்டார் ஆம்ப் மாடலர்: கடற்கரை மேடையிலும் ஒலிப்பதிவிலும்

வால்வு ஆம்ப், அதன் ஸ்பீக்கர் பெட்டி, முன்னால் வைக்கும் மைக் ஆகிய மூன்றின் ஒலிக்குணத்தையும் கணிப்பால் உண்டாக்கும் கருவி டிஜிட்டல் ஆம்ப் மாடலர். 1998-இல் வந்த லைன் 6 'பாட்' இதைப் பரவலாக்கியது. ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் (2006), கெம்பர் ப்ரொஃபைலர் (2011), லைன் 6 ஹீலிக்ஸ் (2015) ஆகியவை பின்னர் வந்தவை.

ஆக்ஸ்-எஃப்எக்ஸும் ஹீலிக்ஸும் ஆம்பின் மின்சுற்றையே கணித்து எழுதுகின்றன. கெம்பர், ஓர் ஆம்புக்குள் சோதனை ஒலிகளைச் செலுத்தி வெளிவருவதைப் படியெடுக்கிறது. அந்தப் படி, அடிப்படையில், ஆம்பின் திருகுகள் அப்போது இருந்த ஒரு நிலைக்கு உண்மையானது. ஒலிப்பதிவுக்கு அது போதும்.

செங்கல்பட்டு மாவட்டக் கோவளத்தில் 2013-இல் தொடங்கிய அலைச்சறுக்கு, இசை, யோகா விழா போன்ற திறந்தவெளி மேடைகளில் கேள்வியே வேறு. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஏறத்தாழ 29 கிலோ. அதை மணலில் சுமக்க வேண்டும், அதன் மைக்கில் கடற்காற்று இரையும். மாடலரோ நேரே மிக்ஸருக்குப் போகிறது. அப்போது அதன் கேபினட் பாவனை, அதாவது ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைக் கணிக்கும் பகுதி, இயங்க வேண்டும். இல்லையென்றால் ஒலி காதைக் கீறும். சாதாரண கிட்டார் ஆம்பில் செருகினால் அதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒலி மந்தமாகிவிடும். "இந்தக் கருவி சரியில்லை" என்ற புகார்களில் பல கேபினட் பாவனையின் இந்த ஒரு பொத்தானில் தீர்ந்துவிடும்.

கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் 'இளைய நிலா' பாடலின் (1982) அக்கூஸ்டிக் நாதம் முடிந்த கையோடு அடுத்த பாட்டுக்கு டிஸ்டார்ஷன் வேண்டியிருக்கும். அங்கே ஒலியின் நுணுக்கத்தைவிட, காலால் தட்டியதும் பேட்ச் (சேமித்துவைத்த ஒலியமைப்பு) மாறுவதே முக்கியம். சிறிய மாடலர்களான பாஸ் ஜிடி-1, ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர் இரண்டும் நான்கு ஏஏ பேட்டரியிலும் ஓடும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் விலையுயர்ந்த பெரிய கருவி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்; இவை அசையாது.

மாடலர் ஒலியைக் கணிக்க எடுக்கும் தாமதம் பற்றிய அச்சம் மிகை. ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே ஏறத்தாழ 3 மில்லிவிநாடி ஆகிறது. மாடலரின் தாமதமும் சில மில்லிவிநாடிதான். ஆனால் டிஜிட்டல் ஒயர்லெஸ், டிஜிட்டல் மிக்ஸர் என்று அடுக்கினால் கூடிக்கொண்டே போகும்.

ஒலிப்பதிவில் ஹீலிக்ஸ் போன்றவற்றின் பெரிய வசதி, யுஎஸ்பி வழியே கிட்டாரின் ஆம்ப் சேராத வெற்று ஒலியையும் உடன் பதிவதுதான். வாசிப்பைத் தொடாமலே ஆம்பைப் பிறகு மாற்றலாம். இந்த வேலைக்குக் கணினியும் இலவச மென்பொருளான நியூரல் ஆம்ப் மாடலருமே பலருக்குப் போதும். ஆனால் வீட்டில் ஹெட்போனில் மெல்லக் கேட்டு அமைத்த பேட்ச் மேடையில் மாறி ஒலிக்கும்: சத்தம் குறையும்போது காது தாழ்ந்த சுருதிகளைக் குறைவாகவே உணர்வதால், வீட்டில் கூட்டிவைத்த பேஸ் மேடையில் குமுறும். மேடைச் சத்தத்தில் வைத்தே அதைத் திருத்த வேண்டும்.