பச்சையப்ப முதலியார் - பள்ளிக்கூடம் கட்டாத வள்ளல்

எங்க ஊர் அனுப்பம்பட்டு. கும்மிடிப்பூண்டி ரயில்ல மீஞ்சூர் தாண்டி, பொன்னேரிக்கு முன்னாடி வர்ற ஸ்டேஷன். ஒரு தூக்கம் போட்டா தாண்டிடுவீங்க.

எங்க குடும்பத்துல முதல்ல காலேஜ் வாசப்படி மிதிச்சவர் பெரியப்பா. தினமும் இந்த ரயில்ல சென்ட்ரல் போய், ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷன்ல தாம்பரம் வண்டி பிடிச்சு, சேத்துப்பட்டுல இறங்கி பச்சையப்பன் கல்லூரி. "அந்த மனுஷன் மட்டும் நாம படிக்கணும்னு சொத்தை எழுதி வைக்கலேன்னா நான் இன்னிக்கும் களத்து மேட்டுலதான்டா"ன்னு இன்னிக்கும் சொல்வார். ஆடி மாசம் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போகும்போது கண்டிப்பா ஒருதரம் சொல்வார். ஏன்னா பச்சையப்பர் பிறந்த ஊர் பெரியபாளையம். அந்தக் கோயிலை ஒட்டி ஓடுற ஆரணி ஆறுதான் பொன்னேரி வழியா வந்து எங்க பழவேற்காடு ஏரியில கலக்குது. அந்த வகையில பச்சையப்பர் எங்க ஏரியாக்காரர் :-)

அவரைப் பத்தி ஒரு பதிவு போடலாம்னு படிக்க ஆரம்பிச்சேன். படிச்சு முடிச்சப்போ பெரியப்பாகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு ஆயிடுச்சு. காரணம் கடைசியில.

பச்சையப்பர் பிறந்தது 1754. அவர் பிறக்கறதுக்கு முன்னாடியே அப்பா விசுவநாத முதலியார் காலமாயிட்டார். காஞ்சிபுரத்துக் குடும்பம். வயித்துல பிள்ளையோட, கையில ரெண்டு பெண் குழந்தைங்களோட அம்மா பூச்சியம்மாள் பெரியபாளையத்துக்கு வந்து ரெட்டி ராயர்ங்கிற பெரிய மனுஷர் ஆதரவுல தங்கினாங்க. பையனுக்கு அஞ்சு வயசு ஆகறப்போ அந்த ஆதரவும் போச்சு. மறுபடியும் மூட்டை முடிச்சு, இந்தத் தடவை மதராஸ். அங்க பவுனி நாராயண பிள்ளைன்னு ஒரு துபாஷ் கை கொடுத்தார்.

துபாஷ்னா ரெண்டு பாஷை தெரிஞ்சவர்னு அர்த்தம். ஆனா வேலை வெறும் மொழிபெயர்ப்பு இல்ல. வெள்ளைக்கார வியாபாரிக்குச் சரக்கு பார்த்து வாங்கறது, விலை பேசறது, பணம் புரட்டறது, கணக்கு வைக்கறது எல்லாமே துபாஷ்தான். பாண்டிச்சேரியில ஆனந்தரங்கப் பிள்ளை செஞ்சாரே, அதேதான். நாராயண பிள்ளைகிட்ட தொழில் கத்துக்கிட்ட பையன் இருபது வயசு சுமாருக்கெல்லாம் சொந்தமா சம்பாதிக்க ஆரம்பிச்சுட்டார். அப்புறம் 1780களில் தஞ்சாவூர்ல கம்பெனி ரெசிடெண்டா இருந்த சல்லிவனுக்கு துபாஷ். பெரும் பணம் சேர்ந்தது அங்கதான். கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகைக்குத் தவிச்சுக்கிட்டிருந்த தஞ்சாவூர் மன்னருக்கே இவர் கடன் கொடுத்தார்.

இந்த இடத்துல எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது. 1781ல ஹைதர் அலி படை தஞ்சாவூர்ச் சீமையைச் சூறையாடிட்டுப் போய் ரொம்ப வருஷம் ஆகலை. அப்படிப்பட்ட சீமையில மன்னர் வாங்கின கடனை வட்டியோட கடைசியில யார் கட்டியிருப்பாங்க? நெல்லு விளைவிச்சவன்தான். வள்ளல்னு எழுதும்போது இதையும் எழுதணும்னு தோணுச்சு.

ஆனா சம்பாதிச்ச மனுஷன் பதுக்கி வைக்கலை. கோயில் திருப்பணி, அன்னதானம்னு கொடுத்துக்கிட்டே இருந்தார். கூடவே குடும்பம். அக்கா சுப்பம்மாளோட பொண்ணு ஐயாளம்மாளைக் கட்டிக்கிட்டார். பிள்ளை இல்லாததால வேதாரண்யத்துல இன்னொரு கல்யாணம். ரெண்டு பெண்டாட்டிக்காரர் வீட்டுல என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்துச்சு. கடைசி வரைக்கும் ஆண் வாரிசு இல்ல.

சிதம்பரம் கிழக்குக் கோபுரத்துக்குத் திருப்பணி செஞ்சது அந்த சுப்பம்மாள்தான். இவருக்கு அக்காவும் அவங்கதான், மாமியாரும் அவங்கதான்! 108 கரணச் சிற்பம் இருக்குமே, அதே கோபுரம். அதுல பச்சையப்பருக்கும் ஐயாளம்மாளுக்கும் சிலை இருக்கு. நான் ரெண்டு தடவை போயும் கரணத்தைப் பார்த்துட்டு வந்துட்டேன், இவங்களைப் பார்க்கலை.

1794 மார்ச்ல கும்பகோணத்துல உடம்புக்கு முடியாமப் போச்சு. நாராயண பிள்ளையை நம்பி உயில் எழுதி வெச்சுட்டு, மார்ச் 31ம் தேதி திருவையாறுல கண்ணை மூடினார். வயசு நாப்பது. தர்மத்துக்கு ஒதுக்கினது ஏறக்குறைய ஒரு லட்சம் வராகன். ஒரு வராகன்னா மூணரை ரூபாய்.

இப்போ விஷயத்துக்கு வரேன். அந்த உயில்ல பள்ளிக்கூடம் கிடையாது. கோயில் பூஜை, உற்சவம், அன்னதானம் மாதிரி தர்மங்கள்தான். அதுவும் ஒழுங்கா நடக்கலை. சொந்தக்காரங்க ஒரு பக்கம், சொத்தைக் கையில வெச்சிருந்தவங்க ஒரு பக்கம்னு வழக்கு மேல வழக்கு. அட்வகேட் ஜெனரல் ஹெர்பர்ட் காம்ப்டன் தலையிட்டு தர்மப் பணத்தை மீட்க வழி பண்ணினார். வழக்கு நடந்த காலமெல்லாம் வட்டி குட்டி போட்டுக்கிட்டே இருந்துச்சு. உயில்ல சொன்ன கோயில் தர்மத்துக்கெல்லாம் ஒதுக்கின பிறகும் லட்சக்கணக்குல மிச்சம். அந்த மிச்சத்தைப் படிப்புக்குத் திருப்பி விட்டவர் பின்னாடி வந்த அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். 1842 ஜனவரி 1ல பிராட்வேயில பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. 1850ல எஸ்பிளனேடுல, ஏதென்ஸ் நகரத்துக் கோயில் மாதிரி தூண் வெச்ச கட்டிடம். என்.எஸ்.சி. போஸ் ரோட்டுல இருக்கிற பச்சையப்பன் மண்டபம் அதுதான். 1889ல கல்லூரி ஆச்சு. 1940ல சேத்துப்பட்டுக்கு வந்துச்சு.

அதாவது பச்சையப்பன் கல்லூரிங்கிறது கோர்ட்டு வட்டியில முளைச்சது!

கதவும் எல்லாருக்கும் திறந்துடலை. 1920கள் வரைக்கும் தலித் பிள்ளைங்களுக்கு இடம் கிடையாது. இந்து அல்லாதவங்களுக்கு 1947 வரைக்கும் கிடையாது. அண்ணா படிச்ச கல்லூரி, கணித மேதை ராமானுஜன் எஃப்.ஏ. தேறாமப் போன கல்லூரின்னு பெருமையா சொல்ற நாம இதைச் சொல்றதில்ல.

போன வாரம் ஊருக்குப் போனப்போ, திண்ணையில உக்காந்திருந்த பெரியப்பாகிட்ட மெதுவா ஆரம்பிச்சேன். உயில்ல படிப்பைப் பத்தி இல்ல பெரியப்பா, கோயிலுக்குத்தான் எழுதினார், மிச்சம் இருந்த வட்டியில வெள்ளைக்காரன்தான் பள்ளிக்கூடம் வெச்சான்னு எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. கோவிச்சுக்கிட்டாரோன்னு நினைச்சேன்.

"வட்டி சேர்ந்தா என்னடா, முதலு யாருது?"ன்னார்.

"அவருதுதான்."

"அப்புறம் என்ன. ஆமா, அவர் செத்து எத்தனை வருஷம் கழிச்சுப் பள்ளிக்கூடம் வந்துச்சுன்னே?"

"நாப்பத்தெட்டு வருஷம் பெரியப்பா."

"நம்ம வரப்புக் கேஸு பத்தொம்பதுதான் ஆவுது"ன்னு சொல்லிட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எழுந்து போயிட்டார்.